விலகவும் திரும்பவும் உள்ள உரிமை: பால்புதுமையர், நரம்பியல் பன்மையர் நிகழ்த்துகலை வெளிகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பால்புதுமையரையும் நரம்பியல் பன்மையரையும் உள்ளடக்க முனையும் பங்கேற்பு நிகழ்த்துகலை வெளிகள் கடந்த 20 ஆண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனிப்போக்காக வளர்ந்துள்ளன. இவ்வெளிகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் எத்தனைபேர் உள்ளே வந்தனர், எத்தனைபேர் பங்கேற்றனர் என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஜெஸ் தாமின் டூரெட்ஸ்ஹீரோ அமைப்பு, லண்டனின் டிராக் சிண்ட்ரோம் குழு, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் சின்ஸ் இன்வாலிட் ஆகியவற்றின் செயற்பாடுகளும், ஆட்டிசம் உடையோர் தாமே நடத்திய ஆட்ரீட் முகாமின் ஒழுங்குமுறையும் இங்கு ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. நிகழ்விலிருந்து தம் முடிவால் விலகவும், தம் முடிவால் திரும்பவும், நிகழ்வின் வடிவத்தையே மாற்றவும் பங்கேற்பாளருக்கு உள்ள உரிமையே ஒரு வெளியின் உள்ளடக்கும் தன்மையைக் காட்டும் என்பது நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நிகழ்த்துகலை, பால்புதுமையர், நரம்பியல் பன்மை, தளர்முறை நிகழ்த்துகை, பங்கேற்பு அரங்கு, அணுகல்.

முன்னுரை

பிரிட்டனைச் சேர்ந்த நிகழ்த்துகலைஞர் ஜெஸ் தாம் டூரெட் நோய்க்குறி உடையவர். அவர் விரும்பாமலேயே அவர் வாயிலிருந்து சொற்கள் வெளிப்படும். ‘பிஸ்கட்’ என்னும் சொல் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை வரும். கை தானாகவே மார்பில் மோதும். ஒருமுறை அவர் பார்வையாளராகச் சென்றிருந்த நிகழ்ச்சியில், பிறருக்கு இடையூறாக இருக்கிறது என்று கூறி அவரை ஒலிக்கட்டுப்பாட்டு அறைக்குள் சென்று அமரச் செய்தனர். இனி அரங்கின் பக்கமே போவதில்லை என்று அன்று எண்ணியவர், தம்மை எழுந்து போகச் சொல்ல முடியாத ஒரே இருக்கை மேடைதான் என்று பின்னர் உணர்ந்ததாகக் கூறியிருக்கிறார். அவ்வுணர்விலிருந்து பிறந்த ‘பேக்ஸ்டேஜ் இன் பிஸ்கட் லேண்ட்’ 2014ஆம் ஆண்டு எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவில் மேடையேறியது.

இன்று உள்ளடக்கும் தன்மையுடையதாகத் தம்மை அறிவித்துக்கொள்ளும் பல அரங்குகளில் ‘அமைதி அறை’ ஒன்று உண்டு. ஒலியும் ஒளியும் கூட்டமும் தாங்க இயலாத நிலையில் ஒருவர் சென்று இளைப்பாறுவதற்கான இடம் அது. அன்றைய ஒலிக்கட்டுப்பாட்டு அறையும் இன்றைய அமைதி அறையும் அரங்கின் மையத்திலிருந்து பிரிக்கப்பட்டவையே. அவ்வாறாயின் இரண்டுக்கும் வேறுபாடு என்ன? இவ்வினாவுக்கு விடை காண்பதன் வழியாகவே பங்கேற்பு நிகழ்த்துகலை வெளிகளை மதிப்பிடுவதற்கான அளவுகோலை வகுக்க இயலும்.

1. சொல்லும் பொருளும்

‘குயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகத் தமிழில் ‘பால்புதுமையர்’ என்னும் சொல் வழங்கிவருகிறது. பாலினம், பாலீர்ப்பு ஆகியவை குறித்த மதிப்புடைய கலைச்சொற்களின் தொகுப்பொன்றைச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழக அரசு 2022ஆம் ஆண்டு வெளியிட்டதால் இத்துறையில் சொல்லாட்சி ஓரளவு சீர்பெற்றுள்ளது. நரம்பியல் தொடர்பான சொற்களுக்கு அத்தகைய நிலைபேறு இன்னும் ஏற்படவில்லை. மனித மூளைகள் இயங்கும் முறை இயல்பாகவே பலவகைப்பட்டது என்னும் கருத்து 1990களின் இறுதியில் ஆட்டிசம் உடையோரின் இயக்கங்களுக்குள் உருவாயிற்று. அக்கருத்து இங்கு ‘நரம்பியல் பன்மை’ எனவும், பெரும்பான்மை ஒழுங்கிலிருந்து வேறுபட்ட மூளையியக்கம் உடையோர் ‘நரம்பியல் பன்மையர்’ எனவும் குறிக்கப்படுகின்றனர். ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, டூரெட், டௌன் நோய்க்குறி முதலியவற்றை உடையோரை இச்சொல் இங்கு பரந்த பொருளில் உள்ளடக்குகிறது.

இவ்விரு சமூகங்களும் தனித்தனிக் குழுக்கள் என்று கருதுவது பிழையாகும். 2020ஆம் ஆண்டு நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்று 5 தரவுத் தொகுப்புகளிலிருந்து 6,41,860 பேரின் விவரங்களைப் பகுத்தாய்ந்தது. பிறப்பில் வழங்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்கள் ஆட்டிசம் உடையோராக இருக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ 3 முதல் 6 மடங்கு கூடுதல் என்பது அதன் முடிவு. ஆகவே பால்புதுமையருக்கென ஒரு வெளியும் நரம்பியல் பன்மையருக்கென வேறொரு வெளியும் அமைப்பது, இரண்டிலும் இருப்பவரை இரண்டிலிருந்தும் பாதியாக வெளியேற்றுவதில் முடியும். ஒளிவெள்ளமும் பேரிசையும் நிறைந்த பால்புதுமையர் விழாவில் ஆட்டிசம் உடைய திருநங்கை நிற்க முடியாது. குழந்தைகளுக்கென வடிவமைக்கப்பட்ட ஆட்டிச நட்புக் காட்சியில் அவருக்குரிய கதை இருக்காது.

2. ஒரே நுட்பம், இரண்டு உடல்கள்

இவ்விரு சமூகங்களையும் இணைக்கும் மற்றொரு சரடு வரலாற்றில் உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஓ. ஐவார் லோவாஸ் 1960களில் ஆட்டிசம் உடைய குழந்தைகளின் நடத்தையை மாற்றும் பயிற்சிமுறையை வளர்த்தார். விரும்பத்தக்க நடத்தைக்கு உணவும் பாராட்டும் பரிசாயின. விரும்பத்தகாததற்கு அதட்டலும் அறையும் சில வேளைகளில் மின்னதிர்ச்சியும் தண்டனையாயின. அதே லோவாஸ் ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்பவருடன் இணைந்து 1974ஆம் ஆண்டு நடத்தைப் பகுப்பாய்வு இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 5 வயதும் நிரம்பாத ஒரு சிறுவனின் ‘பெண்தன்மை’யை நீக்குவதே அதில் விவரிக்கப்பட்ட சிகிச்சை. சிறுவன் விளையாடும் பொம்மைகள், அவன் நடை, மணிக்கட்டின் அசைவு ஆகியவை கணக்கெடுக்கப்பட்டன. வில்லைகள் கொடுத்து ஒழுங்குபடுத்தப்பட்டன. இக்கட்டுரை குறித்து 2020ஆம் ஆண்டு அதே இதழ் தன் கவலையை முறையாகப் பதிவு செய்தது.

இரண்டு திட்டங்களிலும் கையின் அசைவு கண்காணிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மகிழ்ச்சியில் கைகளைப் படபடவென்று அசைக்கும் ஆட்டிசக் குழந்தைக்கும், மணிக்கட்டைத் தளர்த்தி நடக்கும் சிறுவனுக்கும் விடுக்கப்பட்ட கட்டளை ஒன்றே: கையை அடக்கு. அவ்வாறு அடக்கக் கற்றவர் வளர்ந்தபின் பொதுவெளியில் தம்மை மறைத்தே ஒழுகுகிறார். பால்புதுமையர் தம் அடையாளம் வெளிப்படாமல் நடந்துகொள்வதும், நரம்பியல் பன்மையர் ‘இயல்பானவர்’போல் நடிப்பதும் இவ்வகையில் ஒரே உழைப்பின் இரு வடிவங்கள். நிக் வாக்கர், ரெமி யெர்ஜோ முதலிய ஆய்வாளர்கள் நரம்பியல் பன்மையையும் பால்புதுமையையும் ஒரே கோட்பாட்டுத் தளத்தில் வைத்துப் பேசுவதற்கு இப்பின்னணி அடிப்படையாகிறது.

நிகழ்த்துகலை இதில் முக்கியத்துவம் பெறுவதன் காரணமும் இதுவே. அன்றாட வாழ்வே கட்டாய நடிப்பாக அமைந்துவிட்டவர்களுக்கு நடிக்கத் தேவையில்லாத ஓர் இடம் வேண்டியிருக்கிறது. விந்தையாக, அவ்விடத்தை அவர்கள் மேடையில் தேடுகின்றனர். ஆயின் மேடையைச் சூழ்ந்த அரங்கோ பார்வையாளரிடம் மீண்டும் அதே அடக்கத்தைக் கோருகிறது.

3. அசையாத பார்வையாளர் என்னும் மரபு

இருட்டில், அசையாமல், ஒலியின்றி அமர்ந்திருக்கும் பார்வையாளரே நல்ல பார்வையாளர் என்னும் எண்ணம் உலகப் பொதுவானதன்று, மிகப் பழமையானதுமன்று. ஐரோப்பாவிலேயே அது 19ஆம் நூற்றாண்டின் போக்கில் வேரூன்றிய பழக்கம். 1876ஆம் ஆண்டு பைராய்த்தில் திறக்கப்பட்ட வாக்னரின் அரங்கில் பார்வையாளர் பகுதி இருளாக்கப்பட்டதை அம்மாற்றத்தின் மைல்கல்லாகக் குறிப்பது வழக்கம். விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில் பார்வையாளர் எழுந்து போவதும், உறங்குவதும், மீண்டும் வந்து அமர்வதும் தமிழ் வாசகர் அறிந்ததே. கூத்துக்களம் சாதி, பாலின வரம்புகள் அற்றதாக இருந்தது என்று இதனால் கொள்ளலாகாது. பார்வையாளரின் உடல் ஒழுங்கு காலந்தோறும் இடந்தோறும் மாறக்கூடியது என்பதற்கு மட்டுமே அது சான்றாகிறது.

இவ்வொழுங்கைத் தளர்த்தும் முயற்சியே ‘தளர்முறை நிகழ்த்துகை’ எனப்படும். அரங்கின் ஒளி முழுதும் அணைக்கப்படாது. திடீர் ஒலிகள் குறைக்கப்படும். பார்வையாளர் பேசலாம், அசையலாம், வெளியேறித் திரும்பலாம். நிகழ்வில் என்ன நடக்கும் என்பதைப் படங்களுடன் விளக்கும் குறிப்பு முன்கூட்டியே தரப்படும். நியூயார்க் பிராட்வேயில் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ‘தி லயன் கிங்’ நாடகத்தின் ஆட்டிச நட்புக் காட்சி நடத்தப்பட்டது இப்போக்கின் புகழ்பெற்ற தொடக்கங்களுள் ஒன்று.

இதன் நன்மை மறுக்கத்தக்கதன்று. குடும்பமாக அரங்குக்கு வரவே இயலாதிருந்த பலருக்கு அது கதவைத் திறந்தது. எனினும் இரு வரம்புகளை இங்குச் சுட்ட வேண்டும். முதலாவது, பெரும்பாலான அரங்குகளில் தளர்முறைக் காட்சி என்பது நீண்ட காட்சி வரிசையில் ஒரே ஒரு பகற்காட்சி மட்டுமே. ஏனைய நாட்களின் ஒழுங்கு மாறாமல் இருக்கிறது. ‘அவர்களுக்கென ஒரு நாள் உண்டே’ என்னும் வாதத்துக்குக் கூட அது இடமளித்துவிடுகிறது. இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்படும் நாடகங்கள் மிகுதியும் சிறுவர்க்கானவை. நரம்பியல் பன்மையர் என்றும் குழந்தைகளே என்னும் கற்பிதம் அதில் பொதிந்துள்ளது. வளர்ந்த, காதலிக்கின்ற, பால்விழைவு உடைய, அதிலும் பால்புதுமையரான ஒருவர் அத்தேர்வில் கருதப்படுவதே இல்லை.

முதல் வரம்பைக் கடக்கும் முயற்சியாக லண்டனின் பேட்டர்சி கலை மையத்தைக் குறிப்பிடலாம். டூரெட்ஸ்ஹீரோ அமைப்புடன் இணைந்து வகுத்த முறைமையின்படி 2020ஆம் ஆண்டு அது தன்னை முழுமையான ‘தளர்முறை அரங்க’மாக அறிவித்தது. தளர்ச்சி அங்கு விதிவிலக்காக இல்லாமல் பொதுவிதியாகிறது. இறுக்கமான ஒழுங்கு வேண்டுமெனில் அதற்கே காரணம் காட்ட வேண்டியுள்ளது. விளக்கம் தர வேண்டிய பொறுப்பு இடம் மாறுவதே இம்மாற்றத்தின் சாரம்.

4. பிரதியின் அதிகாரமும் ‘நாட் ஐ’யும்

பார்வையாளர் ஒழுங்கு தளர்வது ஒருபுறமிருக்க, கலைப்படைப்பின் வடிவம் தளருமா என்பது இன்னும் கடினமான வினா. ஜெஸ் தாம் 2017ஆம் ஆண்டு எடின்பரோவில் நிகழ்த்திய சாமுவேல் பெக்கெட்டின் ‘நாட் ஐ’ இதற்குரிய சோதனைக்களம்.

1972ஆம் ஆண்டு நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிய இக்குறுநாடகத்தில், இருண்ட மேடையின் உயரத்தில் ஒரு வாய் மட்டுமே ஒளியில் தெரியும். வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் பேசாமலிருந்த, ஏறத்தாழ 70 வயதுடைய ஒரு பெண்ணின் பேச்சு திடீரென்று அடக்கவியலாமல் பெருக்கெடுக்கிறது. தன் கதையைத் தன் கதை என்று ஒப்புக்கொள்ள அவ்வாய் இறுதிவரை மறுத்துப் படர்க்கையிலேயே பேசுகிறது. நடிகைகளின் திறனுக்கு உச்சமான சோதனையாக இந்நாடகம் கருதப்பட்டுவந்துள்ளது. எத்தனை விரைவில், எத்தனை துல்லியமாகப் பேசி முடிக்கிறார் என்பதே அளவுகோல்.

தாமின் வாசிப்பு இதற்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அவர் பார்வையில் ‘வாய்’ என்னும் அப்பாத்திரமே மாற்றுத்திறன் உடைய ஒருத்தி. தன் விருப்பமின்றி வெளிப்படும் பேச்சை உவமையாக அன்றி நேரடி அனுபவமாகவே தாம் அறிவார். பிரதியை முழுவதும் மனனம் செய்து பேசும்போது இடையிடையே ‘பிஸ்கட்’ வருகிறது. பெக்கெட்டின் படைப்புகளை மேடையேற்றுவதில் பிரதிக்கு முழு விசுவாசம் கோரப்படுவது புகழ்பெற்ற செய்தி. ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’வில் பெண்கள் நடிப்பதை எதிர்த்து 1988ஆம் ஆண்டு நெதர்லாந்தில் வழக்கே தொடரப்பட்டது. பாலினமும் பிரதியின் தூய்மையும் ஒருசேரக் காவல் செய்யப்பட்ட அம்மரபில், எழுதப்படாத ஒரு சொல் உள்ளே நுழைவது சிறிய செய்தியன்று.

அச்சொல்லைப் பிழை என்று கொள்வதா, படைப்பின் பகுதி என்று கொள்வதா? பிழை என்று கொண்டால் டூரெட் உடைய எவரும் இந்நாடகத்தை என்றும் நிகழ்த்த முடியாது என்றாகிவிடும். பகுதி என்று கொண்டாலோ, அடக்கவியலாப் பேச்சைப் பற்றிய நாடகம் முதன்முறையாக அடக்கவியலாப் பேச்சால் நிகழ்த்தப்பட்டதாகிறது. பின்னதே பொருந்தும் வாசிப்பு. ஏனெனில் பிற நடிகைகள் பயிற்சியால் உருவாக்கிக் காட்டும் கட்டுப்பாடிழந்த பேச்சு முழுக்கவும் கட்டுப்பாட்டின் விளைவே. தாமின் மேடையில் கட்டுப்பாடும் அதன் மீறலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

இந்நாடகத்தில் ‘கேட்பவர்’ என்று மற்றொரு பாத்திரம் உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாதவாறு முழுதும் மூடிய அங்கியில் நிற்கும் உரு என்று பெக்கெட் அதைக் குறித்துள்ளார். பின்னைய சில மேடையேற்றங்களிலும் தொலைக்காட்சி வடிவத்திலும் அப்பாத்திரம் கைவிடப்பட்டது. தாமின் நிகழ்த்துகையில் பிரிட்டிஷ் சைகைமொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் நிற்கிறார். பேசும் வாயும் பேசும் கையும் அருகருகே அமைகின்றன. அணுகல் வசதி படைப்பின் ஓரத்தில் ஒட்டப்பட்ட இணைப்பாக இல்லாமல் பாத்திரமாகவே மாறியிருப்பது இதன் சிறப்பு. அதே வேளையில் ஒரு குறைபாட்டையும் சொல்ல வேண்டும். பாலினம் அறியவியலாத அவ்வுருவில் பொதிந்திருந்த பால்புதுமைக் குறிப்பை இந்நிகழ்த்துகை வளர்த்தெடுக்கவில்லை. நரம்பியல் பன்மை மேடையின் மையத்துக்கு வந்தபோது பால்புதுமை ஓரத்திலேயே நின்றுவிட்டது.

5. யாருடைய விருப்பம்?

அவ்வோரத்தை மையமாக்கியவை வேறு இரண்டு குழுக்கள். முதலாவது, 2018ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட டிராக் சிண்ட்ரோம். டௌன் நோய்க்குறி உடைய கலைஞர்கள் எதிர்ப்பால் ஒப்பனையும் உடையும் அணிந்து ஆடிப்பாடும் ‘டிராக்’ நிகழ்த்துகையை இக்குழு மேடையேற்றுகிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நிகழ்த்த இக்குழு அழைக்கப்பட்டது. அப்போது நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட முனைந்திருந்த கட்டட உரிமையாளர் தம் இடத்தைத் தர மறுத்தார். இக்கலைஞர்கள் தம் விருப்பத்தோடுதான் இதைச் செய்கிறார்களா என்னும் ஐயமும், அவர்கள் சுரண்டப்படக்கூடும் என்னும் அச்சமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நிகழ்ச்சி அதே நகரின் வேறோர் அரங்கில் நடைபெற்றது.

இம்மறுப்பின் தருக்கம் உற்று நோக்கத்தக்கது. இதே கலைஞர்கள் நாட்டுப்புற நடனமோ கிறிஸ்துமஸ் நாடகமோ நிகழ்த்த வந்திருந்தால் அவர்களின் சம்மதம் குறித்து இத்தகைய வினா எழுந்திருக்குமா என்பது ஐயமே. சம்மதிக்கும் ஆற்றல் பொதுவாக ஐயுறப்படவில்லை. பால்புதுமையைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் மட்டுமே ஐயுறப்பட்டது. பாதுகாப்பு என்னும் சொல் இங்கு விலக்கலின் பணியைச் செய்தது. சுரண்டல் என்பது பொய்யான அச்சம் என்று இதனால் தள்ளிவிடவும் முடியாது. அறிவுசார் மாற்றுத்திறன் உடையோர் பிறர் விருப்பத்துக்கு மேடையேற்றப்படும் ஆபத்து மெய்யானது. அவ்வாபத்துக்கு விடை மேடையை மூடுவதில் இல்லை. கலைஞரே ‘வேண்டாம்’ என்று சொல்லவும், சொன்னால் அது மதிக்கப்படவும் வழி உள்ளதா என்பதை உறுதிசெய்வதே விடையாகும்.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டு பேட்ரிஷியா பெர்ன், லிராய் மூர் ஆகியோர் முன்னின்று தொடங்கிய சின்ஸ் இன்வாலிட். மாற்றுத்திறன் உடைய கலைஞர்களுள் நிறவெறிக்கு ஆளானோரையும் பால்புதுமையரையும் மையப்படுத்துவது இதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். குழந்தையாக்கும் பார்வைக்கு நேர் எதிராகப் பால்விழைவையும் உடலின் அழகையும் இக்குழு மேடையின் பொருளாக்கியது. மாற்றுத்திறனாளர் நீதி என்னும் கருத்தாக்கத்தைப் பத்து நெறிகளாக வகுத்து நூலாக்கியதும் இக்குழுவே. மிகுதியும் பாதிக்கப்பட்டோரே தலைமை ஏற்றல், ஒருவரையொருவர் சார்ந்திருத்தல், கூட்டு அணுகல் ஆகியவை அந்நெறிகளுள் அடங்கும்.

கூட்டு அணுகல் என்பது சிறப்பான கவனத்துக்குரியது. வழக்கமான முறையில் தேவை உடையவர் விண்ணப்பிக்க, அரங்கு வசதி செய்து தருகிறது. கூட்டு அணுகலில் அப்பொறுப்பு வந்திருக்கும் அனைவருக்கும் உரியது. நறுமணப் பொருள்களால் மூச்சுத் திணறலோ தலைவலியோ ஏற்படுவோர் உள்ளே இருக்க வேண்டுமெனில் ஏனையோர் நறுமணம் பூசாமல் வர வேண்டும். இவ்வாறு பார்வையாளர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிகழ்வின் ஆக்கத்தில் பங்கேற்கத் தொடங்குகிறார். மேடையில் ஏறி ஒரு வசனம் பேசுவதைவிட இப்பங்கேற்பு ஆழமானது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது இக்குழு தன் நிகழ்ச்சியை இணையவழி நேரலையாக மாற்றியபோது, வீட்டைவிட்டு வெளியேற இயலாத பார்வையாளரும் முதல் வரிசைக்கு வந்தனர் எனலாம்.

6. பங்கேற்பின் கட்டாயம்

பங்கேற்பு அரங்கின் கோட்பாட்டு முன்னோடி பிரேசிலைச் சேர்ந்த அகஸ்டோ போவால். 1970களில் அவர் வகுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கில் பார்வையாளர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. நிகழ்வை நிறுத்தலாம், மேடையேறலாம், கதையின் போக்கை மாற்றலாம். உலகெங்கும் அடித்தள மக்களின் அரங்குக்கு இம்முறை பெரும்பயன் விளைத்துள்ளது. ஆயினும் அது ஒரு கற்பிதத்தின் மீது நிற்கிறது: மௌனம் ஒடுக்குமுறையின் விளைவு, பேச்சு விடுதலையின் அடையாளம்.

நரம்பியல் பன்மையர் வெளியில் இக்கற்பிதம் அப்படியே பொருந்துவதில்லை. வட்டமாக நின்று கைகோத்தல், கண்ணோடு கண் நோக்குதல், திடீரென்று அழைக்கப்பட்டால் உடனே எதிர்வினை ஆற்றுதல் முதலிய பயிற்சிகள் பங்கேற்புப் பட்டறைகளில் இயல்பாகக் கருதப்படுகின்றன. ஆட்டிசம் உடைய பலருக்கு இவையே மிகக் கடினமானவை. பள்ளியிலும் சிகிச்சையிலும் அவர்களிடம் வற்புறுத்தப்பட்டவையும் இவையே. விடுதலைக்கான பயிற்சி, அடக்குமுறைப் பயிற்சியின் அதே சைகைகளை மீண்டும் கோருகிறது.

பால்புதுமையர் தரப்பிலும் இதற்கு நிகரான சிக்கல் உண்டு. பங்கேற்பு நிகழ்வுகளில் ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்னும் அழைப்பு வழக்கமாகிவிட்டது. வீட்டில் அறிவிக்காத ஒருவர் அறையில் அறிவிக்க வேண்டிய நெருக்கடி அதில் எழுகிறது. வலியைச் சொன்னவர் பங்கேற்றவராகவும், சொல்லாதவர் ஒதுங்கியவராகவும் மதிப்பிடப்படுகின்றனர். நிகழ்த்துநரைக் கலைஞராகக் காணாமல் சாட்சியாக மட்டுமே காணும் பழக்கம் இவ்வாறு வளர்கிறது.

இதற்கு மாற்றான ஒழுங்குமுறையொன்று கலை உலகுக்கு வெளியிலிருந்து கிடைக்கிறது. ஆட்டிசம் உடையோர் தாமே நடத்திய ஆட்ரீட் முகாம் 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிற்று. அங்குப் பின்பற்றப்பட்ட வண்ண அட்டை முறையில், சிவப்பு அட்டை அணிந்தவரிடம் எவரும் பேச்சைத் தொடங்கலாகாது. மஞ்சள் அட்டை அணிந்தவரிடம் அவர் முன்பே அறிந்தவர் மட்டும் பேசலாம். பச்சை அட்டை அணிந்தவர் பிறர் வந்து பேசுவதை விரும்புகிறார், தாமாகத் தொடங்குவது அவருக்குக் கடினமாக இருக்கலாம். அட்டையை அணிந்தவரே எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றிக்கொள்வார்.

எளிய இவ்வட்டையில் ஒரு முழுமையான பங்கேற்புக் கோட்பாடு அடங்கியிருக்கிறது. சிவப்பு அட்டை அணிந்தவரும் முகாமின் முழு உறுப்பினரே. அவர் பேசாதிருத்தல் இன்மையாகக் கொள்ளப்படுவதில்லை. இருப்பின் ஒரு வகையாக ஏற்கப்படுகிறது. விளக்கம் தராமலே விலகலாம். விளக்கம் தராமலே திரும்பலாம். போவாலின் பார்வையாளருக்கு மேடையேறும் உரிமை கிடைத்தது. ஏறாமலிருந்தும் உள்ளே இருக்கும் உரிமையை ஆட்ரீட் அதனோடு சேர்க்கிறது.

7. அணுகல்களின் மோதல்

இவ்வாறு கூறும்போது ஒரு தடை எழுகிறது. ஒருவருடைய தேவை மற்றவருடைய தேவையோடு மோதினால் என்ன செய்வது? தாமின் உடல் எழுப்பும் ஒலி அவரால் நிறுத்தவியலாதது. அதே அறையில் எதிர்பாரா ஒலியால் வேதனையுறும் ஆட்டிசம் உடைய ஒருவரும் இருக்கலாம். இருவரும் நரம்பியல் பன்மையரே. பால்புதுமையர் கொண்டாட்டத்தின் பேரோசை ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குத் துன்பம். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தும் ஒரே வெளி என்பது விளம்பரத்தில் மட்டுமே இயலும்.

இம்மோதலை மறைக்கும் வெளியைவிட, வெளிப்படையாக ஏற்றுப் பேச்சுவார்த்தைக்கு உட்படுத்தும் வெளியே நேர்மையானது. நிகழ்வில் எவ்வகை ஒலி எழக்கூடும் என்பதை முன்னரே அறிவித்தல், காது மறைப்பான்களை வாயிலிலேயே வைத்தல், ஒலி மிகுந்த பகுதியையும் குறைந்த பகுதியையும் ஒரே கூடத்துக்குள் வகுத்தல், ஒரே நிகழ்வை வேறுவேறு நேரங்களில் வேறுவேறு முறையில் நடத்துதல் ஆகியவை நடைமுறையில் பயன்படக்கூடியவை. இவை மோதலை ஒழிப்பதில்லை. யார் எப்போதும் விட்டுக்கொடுப்பவர் என்பது நிலைத்துவிடாமல் காக்கின்றன.

இவ்விடத்தில்தான் அமைதி அறை பற்றிய வினா மீண்டும் வருகிறது. அமைதி அறை இருக்கும் அரங்கில், ஒலியெழுப்பும் ஒருவரைப் பணியாளர் பணிவோடு அங்கு அழைத்துச் செல்லத் தொடங்கினால் அது பழைய ஒலிக்கட்டுப்பாட்டு அறையாகிவிடுகிறது. சுவரின் வண்ணமும் மெத்தையும் மாறியிருக்கலாம், செயல் மாறவில்லை. அதே அறைக்கு ஒருவர் தாமாகச் சென்று, தாமாகத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து நிகழ்வைத் தொடர முடியுமானால் அது அரங்கின் நீட்சியாகிறது. கட்டடத்தால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. முடிவெடுப்பவர் யார் என்பதே வேறுபடுத்துகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பால்புதுமையரும் நரம்பியல் பன்மையரும் ஒரே வகை நடத்தைத் திருத்தத்துக்கு ஆளான வரலாறு உடையவர்கள். ஆகவே அவர்களுக்கான வெளிகள் ஒன்றையொன்று அறியாமல் வளர இயலாது. தனிக்காட்சியாக ஒதுக்கப்படும் தளர்முறை நிகழ்த்துகை தேவையானது, ஆயினும் போதாதது. பேட்டர்சி கலை மையத்தைப் போன்று தளர்ச்சியைப் பொதுவிதியாக்குவதே அடுத்த படி. தாமின் ‘நாட் ஐ’, அணுகல் என்பது பார்வையாளர் பகுதியோடு முடிவதன்று, பிரதியின் அதிகாரத்தையும் தொடுவது என்று காட்டியது. டிராக் சிண்ட்ரோமுக்கு நேர்ந்தது, பாதுகாப்பின் பெயரால் விருப்பம் மறுக்கப்படும் விதத்தைக் காட்டியது. சின்ஸ் இன்வாலிட் பாதிக்கப்பட்டோர் தலைமையையும் கூட்டுப் பொறுப்பையும் முன்வைத்தது. ஆட்ரீட்டின் வண்ண அட்டை, மௌனமும் பங்கேற்பே என்று உணர்த்தியது.

இந்நிலையில் ஒரு நிகழ்த்துகலை வெளியை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை. இங்கு ஒருவர் விளக்கம் தராமல் விலக முடியுமா? விலகியவர் விளக்கம் தராமல் திரும்ப முடியுமா? அவர் வந்ததனால் நிகழ்வின் வடிவம் மாற இடம் உண்டா? தலைகளை எண்ணும் மதிப்பீட்டுப் படிவங்களில் இம்மூன்றுக்கும் கட்டம் இருப்பதில்லை. மேடையேறிப் பேசியவர் கணக்கில் வருவார். பின்வரிசையில் கைகளை அசைத்தபடி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுச் சென்றவர் கணக்கில் வரமாட்டார். அக்கைகளை எவரும் அடக்கச் சொல்லவில்லை என்பதே அவ்வெளியின் சாதனை. அதைக் காணும் கண் திறனாய்வுக்கு வேண்டும்.